ஆறாவது குலம்

பசிபிக் சமுத்திரத்தின் மேற்குப் பாகத்தில், காரொலைன் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த சட்டவால் என்னும் பவளத் தீவு, பெரிய வரைபடத்தில் தேடினாலும் எளிதில் அகப்படாத அளவுக்குச் சிறியது. ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட நிரம்பாத நிலப்பரப்பு. சில நூறு குடிமக்கள். சேம்பும் ஈரப்பலாவும் தேங்காயும் மீனும் அவர்களுடைய ஆகாரம். இத்தீவில் 1932ஆம் ஆண்டில் பிறந்த மாவ் பியாய்லுக் என்பவர், குலத்துக்கு வெளியே செல்லலாகாது என்று பல தலைமுறைகளாகக் காக்கப்பட்டு வந்த கடல்வழிச் சாஸ்திரத்தை, தம் மொழி பேசாத, தம் குலத்தைச் சேராத ஹவாயித் தீவு இளைஞர்களுக்கு மனமுவந்து வழங்கினார். அவர் வழங்கியதாலும், அதைக் கேட்டுப் பெறுவதற்கு ஹவாயியர் நாணாமல் முன்வந்ததாலும் விளைந்த பயன்களைச் சொல்லப் புகுந்தால், ஒரு படகின் கதையாகத் தொடங்குவது, ஒன்றையொன்று அறியாமலும் மறந்தும் இருந்த பல ஆதிகுடிகள் உறவு கொண்டாடத் தொடங்கிய வரலாறாக விரிந்து செல்கிறது.

ஹவாயித் தீவுகளின் பூர்வகுடிகள் அக்காலத்தில் எந்நிலையில் இருந்தார்கள் என்பதை முதலில் கூற வேண்டும். 1893இல் அமெரிக்க வணிகர்கள் சிலர், அமெரிக்கக் கடற்படை வீரர்களின் துணைநிழலில், லிலியுவோகலானி அரசியை அரியணையிலிருந்து இறக்கினார்கள். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் பிறந்தது. 1898இல் அந்நாடு அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது. 1959இல் அதன் ஐம்பதாவது மாநிலமாயிற்று. கரும்புத் தோட்டங்களும் இராணுவத் தளங்களும் உல்லாசப் பிரயாணிகளின் விடுதிகளும் பெருகப் பெருக, சொந்த மண்ணிலேயே சிறுபான்மையராகிவிட்ட அம்மக்களுடைய குழந்தைகள், பாட்டியின் பேச்சைப் புரிந்துகொள்ள இயலாதவர்களாக வளர்ந்தார்கள். இவை போதாவென்று, அறிஞர் உலகமும் தன் பங்குக்கு ஓர் அவமதிப்பைச் சேர்த்தது. 1947இல் தோர் ஹெயர்டால் தம் கோன்-திக்கித் தெப்பத்தில் பெரு நாட்டுக் கரையிலிருந்து மிதந்து வந்து, பாலினேசியத் தீவுகளில் முதலில் குடியேறியவர்கள் தென் அமெரிக்காவிலிருந்து நீரோட்டத்தோடு வந்தவர்களே என்று வாதித்தார். 1950களில் ஆண்ட்ரூ ஷார்ப் என்னும் சரித்திராசிரியர், கருவி இல்லாத அம்மக்கள் நெடுந்தூரம் திசையறிந்து சென்று திரும்பியிருக்க முடியாது, காற்றால் அடித்துச் செல்லப்பட்டுத் தற்செயலாகக் கரையொதுங்கியவர்களே என்று எழுதினார். பூமண்டலத்தின் மிகப் பெரிய சமுத்திரத்தில் ஹவாய், ராப்பா நூயி, நியூஸிலாந்து என்னும் மூன்று கோடிகளுக்கும் பரந்து குடியேறிய ஓர் இனத்தை, வழி தவறி வந்தவர்களின் சந்ததி என்று கூறிவிட்டால், அவ்வினத்தின் பிள்ளைகள் தலை நிமிர்ந்து நடப்பதற்கு வேறு என்ன ஆதாரம் எஞ்சும்?

இக்கேள்விக்கு ஏட்டில் விடை எழுதாமல் கடலிலே விடை காண வேண்டும் என்று கருதிய மூவர், ஓவியர் ஹெர்ப் கானே, மானிடவியல் பேராசிரியர் பென் ஃபின்னி, கடலாடுவதில் வல்ல டாமி ஹோம்ஸ் ஆகியோர், 1973இல் பாலினேசியக் கடற்பயணச் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். இரண்டு நீண்ட ஓடங்களை இணையாக நிறுத்திக் குறுக்கு மரங்களால் பிணைத்து, நடுவே தளமிட்டு, நண்டின் கொடுக்குப் போன்ற வடிவுடைய பாய்களை ஏற்றிய பழைய இரட்டைப் படகின் அமைப்பிலே, ஏறக்குறைய 62 அடி நீளமுள்ள ஹோக்கூலேயா 1975 மார்ச் 8ஆம் தேதி ஓவாஹுத் தீவில் நீரில் இறக்கப்பட்டது. நாம் சுவாதி என்று அழைக்கும் நட்சத்திரத்தின் ஹவாயிப் பெயர் அது. ஹவாயித் தீவுகளின் உச்சிக்கு நேராகச் செல்லும் அந்த விண்மீன், அங்குள்ள மாலுமிக்குத் தன் வீடு எந்த அட்சரேகையில் இருக்கிறது என்பதைக் காட்டுவதாகும். ஓடங்களைச் செய்தது ஒட்டுப்பலகையும் கண்ணாடி நாரும் கொண்டுதான். அதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. எனினும் சோதிக்கப்பட வேண்டியது படகு செய்த பண்டமன்று, அதைச் செலுத்தும் அறிவே.

அந்த அறிவுதான் ஹவாயில் ஒருவரிடமும் இல்லை. நட்சத்திரங்களின் உதயாஸ்தமனங்களையும் அலைகளின் போக்கையும் கொண்டு நிலமறியாக் கடலில் படகு செலுத்தும் வித்தை, பாலினேசியத் தீவுகளில் ஏறக்குறைய முற்றிலும் அழிந்திருந்தது. மேற்கே, வேறு மொழியும் வேறு மரபும் உடைய மைக்ரோனேசியாவின் சின்னஞ்சிறு தீவுகளில் மட்டுமே, வயது முதிர்ந்த சிலரிடம் அது உயிரோடிருந்தது. தம்மினும் வறிய, தம்மினும் சிறிய ஒரு சமூகத்தாரிடம் போய், எங்கள் முன்னோரின் பெருமையை நிலைநாட்ட உங்கள் வித்தை வேண்டும் என்று கேட்பதற்கு வெறும் துணிவு மட்டும் போதாது, அடக்கமும் வேண்டும். தம் பழம்பெருமையை மீட்கப் புறப்பட்ட சமூகங்களில் பல, அப்பெருமையைச் சுற்றி மதில் எழுப்புவதையே முதல் வேலையாகக் கொண்டதை உலக சரித்திரத்தில் காண்கிறோம். ஹவாயியரின் தலைவர்கள் மதில் எழுப்பாமல் அயலாரின் வாசலில் சென்று நின்றார்கள். அவர்களுடைய முயற்சி வெற்றி பெற்றதன் ரகசியம் இதிலேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மாவ் இசைந்தார். 1976 மே 1ஆம் தேதி மாவித் தீவின் ஹொனொலுவா விரிகுடாவிலிருந்து புறப்பட்ட ஹோக்கூலேயாவில் திசைகாட்டியும் இல்லை, வரைபடமும் இல்லை, கடிகாரமும் இல்லை. காவிகா கபாஹுலேஹுவா தலைமை மாலுமி, வழிகாட்டி மாவ். அவரும் அதற்கு முன் அந்தக் கடலில் சென்றவரல்லர். பூமத்திய ரேகைக்குத் தெற்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குக் கீழே மறைந்துபோக, புதிய விண்மீன்கள் எழும் வானத்தின் கீழ், ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் தூரத்தை மனத்திலேயே கணக்கிட்டுச் சென்றார். ஜூன் 4ஆம் தேதி தாஹித்தியின் பப்பீட்டே துறைமுகத்தில் படகு நுழைந்தபோது, அத்தீவின் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் என்று மதிக்கப்பட்ட பெருங்கூட்டம், 17,000 பேர் என்று கூறுவார்கள், கரையிலும் நீரிலும் திரண்டு நின்றது. நீந்தி வந்த குழந்தைகள் ஏறிய பாரத்தால் படகின் அமரம் தண்ணீருக்குள் அமிழ்ந்தது என்று அன்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஷார்ப்பின் வாதத்துக்கு மறுப்பு எழுதிய அறிஞர்கள் பலர் உண்டு. அமிழ்ந்த அந்த அமரத்தைப் போல் உறுதியான மறுப்பை எவரும் எழுதியதில்லை.

ஆயினும் அந்தப் பயணத்தை முழு வெற்றியென்று சொன்னால் உண்மைக்குப் புறம்பாகும். படகு யாருடையது, ஆராய்ச்சியாளர்களுடையதா, ஹவாயி இரத்தம் உடையவர்களுடையதா என்ற சச்சரவு புறப்படுமுன்னரே தொடங்கி, நடுக்கடலில் கைகலப்பாகவே முற்றிவிட்டது. வேறொரு தீவிலிருந்து உதவிக்கு வந்த மாவ், தம் மரபில் கடலுக்குச் செல்லும்போது சிறிதும் இடம்பெறலாகாத கோபத்தையும் பகையையும் கண்ணால் கண்டு மனம் நொந்தார். கரை சேர்ந்ததும், திரும்பும் பயணத்துக்குத் தாம் வழிகாட்டப் போவதில்லை என்றும், தம்மைத் தேடி வர வேண்டாம் என்றும் சொல்லியனுப்பிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர் என்ற உணர்வு, அவரை ஏற்று இவரை விலக்கும் உரிமை வழக்காக மாறிவிட்டால், எவ்வளவு உயர்ந்த நோக்கமும் குலைந்துபோகும் என்பதற்கு அந்த நெடும் பயணமே சாட்சி.

இரண்டாண்டுகளுக்குப் பின் அதைவிடப் பெரிய துன்பம் வந்தது. 1978 மார்ச் 16ஆம் தேதி, பலத்த காற்றில் புறப்பட்ட ஹோக்கூலேயா, ஓவாஹுவுக்கும் மொலொக்காய்க்கும் இடைப்பட்ட கால்வாயில் இரவில் கவிழ்ந்தது. கவிழ்ந்த ஓடங்களைப் பற்றிக்கொண்டு விடியும்வரை கிடந்த குழுவினரில், எடி ஐகாவு என்ற இளைஞர், வைமேயா விரிகுடாவில் எத்தனையோ பேரை அலைவாயிலிருந்து மீட்ட உயிர்காப்பாளர், தம் அலைப்பலகையில் படுத்துத் துடுப்பிட்டு உதவி கொண்டுவரப் புறப்பட்டார். வானில் சென்ற ஒரு விமானத்தின் கண்ணில் பட்டு மற்றவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். எடி திரும்பவே இல்லை. சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று பலரும் எண்ணிய அவ்வேளையில் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் மைரன் தாம்ஸன். ஊரார் அவரைப் பிங்க்கி என்றே அழைத்தார்கள்.

இந்தப் பிங்க்கி தாம்ஸனைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். அவர் மாலுமியல்லர், சமூக சேவையைத் தொழிலாகக் கொண்டவர். தம் மக்களிடையே காணும் நோயும் குடியும் பள்ளியை விட்டு விலகுதலும் வறுமையால் மட்டும் நேர்ந்தவையல்ல, தாம் யார் என்ற நிச்சயம் போய்விட்டதாலும் நேர்ந்தவை என்று அவர் நம்பினார். ஆகவே படகு அவருக்கு ஆராய்ச்சிச் சாதனமும் அன்று, வீரத்தைக் காட்டும் களமும் அன்று. எதைத் தேடுகிறோம் என்பதைத் தெளிவாக வகுத்துக்கொள்வது, அதற்காகத் திட்டமிட்டு உழைப்பது, துணிவது, ஒருவரையொருவர் பேணுவது என்று பழைய கடலோடிகள் எந்தக் குணங்களால் கடலைக் கடந்தார்களோ, அந்தக் குணங்களைக் கரையில் வாழும் மக்களுக்கு மீட்டுக் கொடுக்கும் வழியாகவே அவர் அதைக் கண்டார். யார் படகுக்கு உரியவர் என்ற பழைய வழக்கு, படகுக்காக யார் உழைப்பார் என்ற கேள்வியாக மாறியது. அவர் 2001ஆம் ஆண்டு காலமாகும்வரை சங்கம் அந்தப் பாதையிலிருந்து விலகவில்லை.

அவருடைய மகன் நைனோவா, எடி ஐகாவு தொலைந்த அந்தப் பயணத்தில் உடனிருந்தவர். நட்சத்திரங்களைத் தாமாகவே கற்க முயன்று, ஹொனலூலுவிலுள்ள பிஷப் அருங்காட்சியகத்துக் கோளரங்கில் செயற்கை வானத்தைச் சுழலச் செய்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அவர், நூலறிவு எவ்வளவு இருந்தாலும் ஆசான் இல்லாமல் இக்கடலைக் கடக்க இயலாது என்று உணர்ந்து, 1979இல் மைக்ரோனேசியா சென்று, தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன அந்த மனிதரையே தேடிக் கண்டார். மாவ் மீண்டும் ஹவாய்க்கு வந்தார். குருவும் சிஷ்யரும் விடியற்காலையில் கடலோரப் பாறைகளில் அமர்ந்து சூரியோதயத்தின்போது அலைகளின் நிறத்தையும் மேகங்களின் வடிவத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அதுவே பாடம். சட்டவாலில் அவர் கற்ற முறை வேறு: கூழாங்கற்களையும் பவளத் துண்டுகளையும் பாயின்மேல் வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு கல்லும் ஒரு நட்சத்திரம் எழும் அல்லது மறையும் இடம் என்று பெயர் சொல்லிப் பயில்வது. குழந்தைப் பருவத்திலேயே பாட்டனார் தம்மைக் கடற்கரைக் குட்டைகளில் இறக்கி, ஏறி இறங்கும் நீரின் இழுவையை உடம்பு அறியும்படி செய்தார் என்று அவர் கூறுவதுண்டு. ஒருநாள் தாஹித்தி எந்தத் திசையில் இருக்கிறது என்று சீடரைக் கேட்டார், நைனோவா கைகாட்டினார். அந்தத் தீவு உனக்குத் தெரிகிறதா என்று அடுத்துக் கேட்டார். கண்ணுக்குத் தெரியவில்லை, மனத்தில் அதன் உரு தெரிகிறது என்று சீடர் சொன்னதும், அதை ஒருபோதும் இழந்துவிடாதே, இழந்தால் வழி தவறுவாய் என்று சொல்லி எழுந்துகொண்டார். அதுவே இறுதிப் பாடம்.

1980இல் நைனோவாவே வழிகாட்டியாகித் தாஹித்தி சென்றார். மாவ் உடன் இருந்தார், ஆனால் பேசவில்லை. கரை நெருங்கும் காலத்தில் ஒரு காலைப்பொழுதில் வெண்ணிறக் கடற்பறவை ஒன்று பறந்தது. காலையில் பறவை நிலத்தை விட்டு மீன்பிடிக்கக் கடலுக்கு வரும், ஆகவே அது வந்த திசையிலேதான் நிலம் என்பது சீடர் கற்ற விதி. அதன்படி படகைத் திருப்பினார். அப்பொழுதுதான் ஆசான் வாய் திறந்தார்: படகைத் திருப்பு, பறவையைப் பின்தொடர். ஏனென்று அவர் சொல்லவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தீவு தென்பட்டது. அது குஞ்சு பொரிக்கும் காலம் என்பதையும், அதிகாலையிலேயே மீன் பிடித்துவிட்ட அந்தப் பறவை குஞ்சுகளுக்கு இரை கொண்டுபோய்க்கொண்டிருந்தது என்பதையும், அதன் அலகில் இருந்த மீனைத் தாம் பார்த்துவிட்டதையும் பின்னரே கூறினார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு ஹவாயியர் தம் முன்னோரின் வழியில் கடல் கடந்த அந்த நாளில், கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஓர் அயல் தீவுக்காரரின் கண் தேவைப்பட்டது. அதை மறைக்காமல் எங்கும் எடுத்துச் சொல்லிவருபவர் நைனோவாதான். அவரிடம் எனக்கு உண்டான மதிப்பு, அவர் கடந்த தூரங்களைவிட இதனால்தான் மிகுதி.

1985 முதல் 1987 வரை ஹோக்கூலேயா பாலினேசியா முழுவதையும் சுற்றி வந்தது. நியூஸிலாந்துக்குப் போகத் தென்வானத்தை அறிய வேண்டும். அதன்பொருட்டு நைனோவா முன்னரே அங்கே சென்று தங்கியபோது, அவரைத் தம் வீட்டில் ஒருவராக வைத்துப் பேணியவர் ஹெக்கெனுகுமை பஸ்பி என்னும் மாவோரி இனத்துப் பெரியவர். தொழிலால் பாலங்கள் கட்டுபவர். 1985 டிசம்பரில் படகு வைதாங்கியை அடைந்தபோது, இரண்டாம் உலகப் போரில் மாவோரிப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவரும், நாடறிந்த மூத்தவருமான சர் ஜேம்ஸ் ஹெனரே எழுந்து பேசினார். வடபகுதியாகிய தை தொக்கரவின் ஐந்து குலங்களும் தம் முன்னோர் வந்த படகுகளைக் கொண்டே தம் வம்சத்தைச் சொல்லிக்கொள்கின்றன. நீங்களும் படகில் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். ஆகவே எங்கள் மரபுப்படி நீங்கள் ஆறாவது குலமாகிறீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். சுவாதி நட்சத்திரத்துக்கு மாவோரியர் வழங்கும் பெயரால் அக்குலம் ங்காத்தி ருவாவாஹியா எனப்பட்டது.

விருந்தினரைப் புகழ்ந்து அனுப்புவது எங்கும் உள்ள சம்பிரதாயம். ஹெனரே செய்தது அதுவன்று. குலம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் உரிமையோடு கடமையும் வந்துவிடுகிறது. துக்கத்துக்கும் சுபத்துக்கும் வந்து நிற்க வேண்டிய கடமை அது. அந்தக் கடமையை இரு தரப்பாரும் ஏற்றார்கள் என்பதைப் பின்னர் நிகழ்ந்தவை காட்டின. ஹோக்கூலேயாவைக் கண்ட பஸ்பி, தாமே இரண்டு கவுரி மரங்களைக் குடைந்து தே அவுரேரே என்னும் இரட்டைப் படகைச் செய்து, 1992இல் குக் தீவுகளின் ராரோதொங்காவுக்குக் கடல் கடந்து சென்றார். ஹவாயியர் சட்டவாலில் பெற்றதை மாவோரியருக்குக் கொடுத்தார்கள். மாவோரியர் வம்சக் கதைகளையும் சடங்குகளையும் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். தீவுக்குத் தீவு படகுகள் எழுந்தன. 1995இல் ஹவாய், நியூஸிலாந்து, குக் தீவுகளின் படகுகள் ராயாத்தேயாத் தீவிலுள்ள தப்புத்தப்புவாத்தேயா என்ற பழைய புண்ணியத் தலத்தில் ஒன்றுகூடின.

கொடுத்தலும் பெறுதலும் பற்றிய இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி அலாஸ்காவில் நிகழ்ந்தது. கண்ணாடி நாரை விட்டு, முன்னோர் போலவே மரத்தால் ஒரு படகு செய்ய வேண்டும் என்று 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் சங்கத்தார் விரும்பினார்கள். அதற்கு வேண்டிய கோவா மரத்தைத் தேடி ஹவாயித் தீவின் காடுகளில் பல மாதங்கள் அலைந்தார்கள். ஓடமாகக் குடையத்தக்க பருமனும் உயரமும் உள்ள, உள்ளழுகாத மரம் இரண்டு வேண்டும், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மேய்ச்சலுக்காகவும் மரவாணிகத்துக்காகவும் அழிக்கப்பட்ட காட்டில், குருத்தும் கன்றும் கால்நடைகளுக்கு இரையாகிப்போக, அப்படிப்பட்ட மரங்கள் இல்லாமலே போயிருந்தன. கடலில் மிதந்து வந்த வடவமெரிக்கக் கரை மரங்களை முன்னோர் படகு செய்யப் பயன்படுத்தினார்கள் என்ற பழைய செய்தி அப்பொழுது நினைவுக்கு வந்தது. ஆகவே தென்கிழக்கு அலாஸ்காவின் டிலிங்கிட், ஹைடா மக்களிடம் கேட்கத் துணிந்தார்கள். அவர்களுக்குச் சொந்தமான ஸீலாஸ்கா நிறுவனத்தின் தலைவரும் டிலிங்கிட் இனத்தவருமான பைரன் மாலட், இரண்டு சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்களைத் தருவதாக உடனே இசைந்தார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 அடி உயரம். நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது.

மரங்களைக் காணச் சென்ற நைனோவா, அவற்றின் கீழே நின்றபோது வெட்டுங்கள் என்று சொல்ல நா எழாமல் திரும்பிவிட்டார். தம் நாட்டுக் காட்டை அழியவிட்டுவிட்டு, அயலாரின் காட்டில் நானூறு ஆண்டு நின்ற உயிரைப் பெற்றுக்கொள்வது எவ்விதத்தில் தகும் என்ற கேள்வி அவரை வருத்தியது. ஹவாய் திரும்பிப் பெரியோரோடு கலந்து ஆலோசித்தபின், முதலில் செய்ய வேண்டியது நம் மண்ணில் என்று முடிவாயிற்று. ஹவாயித் தீவின் மலைச்சரிவில் மாணவர்களும் குடும்பங்களும் திரண்டு ஆயிரக்கணக்கான கோவாக் கன்றுகளை நட்டார்கள். நூறாண்டுகளுக்குப் பின் பிறக்கப்போகிறவர்கள் படகு செய்ய வேண்டுமானால் அயலாரிடம் போய்க் கேட்க வேண்டியிராது என்பது அவர்களுடைய எண்ணம். அதன் பிறகே அவர் அலாஸ்காவுக்கு மீண்டும் சென்று மரங்களைப் பெற்றுக்கொண்டார். அம்மரங்களிலிருந்து 57 அடி நீளமுள்ள ஹவாயிலோவா 1993இல் உருவாயிற்று. 1995இல் அதைச் சியாட்டல் வரை கப்பலேற்றிக் கொண்டுபோய், அங்கிருந்து கரையோரத்து ஆதிகுடிகளின் ஊர்களில் தங்கித் தங்கி அலாஸ்காவரை செலுத்தி, மரம் கொடுத்தவர்களின் கண்ணெதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

தானம் கேட்பவர் முதலில் தம் வீட்டுக் கடமையைச் செய்தார். தானம் கொடுத்தவர் விலை பேசவில்லை. பெற்றவர் பெற்றதை உருவாக்கிக் காட்டிவிட்டு வந்தார். அரசாங்கம் ஒன்றின் ஒப்பந்தம் இவர்களை இணைக்கவில்லை. வெப்பக்கடல் தீவினரும் பனிக்கரைக் காட்டினரும் மொழியாலோ வம்சத்தாலோ உறவினரல்லர். இருவரும் தத்தம் மொழியையும் நிலத்தையும் இழந்த கதையைத் தனித்தனியே சுமந்தவர்கள் என்பது ஒன்றே ஒற்றுமை. துன்பத்தில் உள்ள ஒற்றுமையை வைத்துக்கொண்டு குறைகூறிக் கலைந்துபோயிருக்கலாம். மாலட்டும் தாம்ஸன்களும் அதை ஒரு வேலையாக மாற்றினார்கள்.

இனி மாவின் ஊரில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். குலவித்தையை அந்நியருக்குக் கொடுத்துவிட்டார் என்று அவர்மேல் அவருடைய சொந்த மக்களிடையே கடுமையான கண்டனம் இருந்தது. அக்கண்டனத்தை நாம் இலேசாக எண்ணிவிடலாகாது. எல்லாவற்றையும் பிறர் வந்து எடுத்துக்கொண்டு போவதையே அனுபவித்த சிறு தீவினருக்கு, மறைபொருளாகக் காத்த ஞானமே கடைசி உடைமை. ஆனால் தம் தீவின் பிள்ளைகள் பள்ளிக்கும் சம்பளத்துக்கும் வெளியேறி, இயந்திரப் படகில் ஏறிவிட்டதையும், இன்னும் ஒரு தலைமுறை போனால் மறைப்பதற்கும் ஒன்றும் இராது என்பதையும் மாவ் கண்டார். பூட்டி வைத்துச் சாகவிடுவதைவிடக் கொடுத்து வாழவைப்பது மேல் என்று அவர் செய்த முடிவு சரியா என்பதைக் காலமே சொல்ல வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளில் அது சொல்லிவிட்டது.

ஹவாயித் தீவில் கிளே பெர்ட்டல்மன் என்பவரின் தலைமையில் இயங்கிய மற்றொரு படகோட்டிக் குழு, 1999இல் தன் மகாலீ என்ற படகில் மாவை அவர் ஊருக்கே அழைத்துச் சென்றது; பின்னர் அவருக்கென்றே அலிங்கானோ மைசூ என்ற படகைக் கட்டத் தொடங்கியது. 2004இல் கிளே இறந்தபோதும் வேலை நிற்கவில்லை. 2007 மார்ச்சில் மைசூவும் ஹோக்கூலேயாவும் சட்டவாலை அடைந்தன. படகு குருதக்ஷிணையாக அளிக்கப்பட்டது. மார்ச் 18ஆம் தேதி, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக அத்தீவில் நடவாதிருந்த பவோ என்னும் தீட்சைச் சடங்கை மாவ் நடத்தி, நைனோவா தாம்ஸன், ஷார்ட்டி பெர்ட்டல்மன், சாட் பேபயான், புரூஸ் பிளாங்கன்ஃபெல்டு, சாட் பைஷோன் என்னும் ஹவாயியர் ஐவரையும், தம் மகன் செசாரியோ உட்பட மைக்ரோனேசியர் பலரையும் ஒரே வரிசையில் அமர்த்தி வழிகாட்டிகளாக்கினார். அயலாருக்குக் கொடுத்த வித்தை, அயலார் காட்டிய ஆர்வத்தாலேயே சொந்த ஊரில் மறுபடியும் தளிர்த்தது. தாம்ஸன் போன்றோர் பிற்காலத்தில் பெண்களுக்கும் அந்த வித்தையைப் பயிற்றினார்கள். 2018இல் ஹிக்கியானாலியா என்ற துணைப்படகை ஹவாயிலிருந்து கலிபோர்னியாவுக்குச் செலுத்திய லெஹுவா கமாலு, தலைமை மாலுமியாகவும் வழிகாட்டியாகவும் நெடும்பயணத்தை நடத்திய முதல் பெண்மணி.

2014 முதல் 2017 வரை ஹோக்கூலேயா பூமியைச் சுற்றி வந்து, 2017 ஜூன் 17ஆம் தேதி ஹொனலூலுவில் மக்கள் வெள்ளத்தினிடையே கரை சேர்ந்தது. அந்தப் பயணத்தில் அவர்கள் கைக்கொண்ட ஒரு நியமத்தை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். எந்தத் துறையில் இறங்கினாலும், அந்த நாட்டு அதிகாரிகளின் அனுமதியோடு நின்றுவிடாமல், அந்த மண்ணின் ஆதிகுடிகள் யார் என்று விசாரித்து, அவர்களிடம் இறங்க அனுமதி கேட்டார்கள். தம் நிலத்தில் இறங்குவதற்குத் தம்மை எவரும் கேட்டறியாத மக்களுக்கு, கடலிலிருந்து வந்த ஒரு படகு முறைப்படி அனுமதி கேட்டது என்பது எத்தகைய கௌரவம் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 2023இல் பசிபிக் முழுவதையும் சுற்றும் அடுத்த பெரும்பயணத்தைத் தொடங்க அவர்கள் ஹவாயைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2020இல் காலமான பைரன் மாலட்டின் பிறந்த ஊராகிய யாகுடாட்டுக்கு முதலில் சென்று மரியாதை செலுத்திவிட்டு, அலாஸ்காவின் ஜூனோவிலிருந்து ஜூன் 15ஆம் தேதி புறப்பட்டார்கள்.

படகுகளால் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று சொல்ல வரவில்லை. பறிபோன அரசு திரும்பவில்லை. நிலவிலையும் வீட்டு வாடகையும் ஏறிக்கொண்டே போக, ஹவாயியருள் பாதிக்கு மேற்பட்டோர் ஹவாய்க்கு வெளியே அமெரிக்காவின் பிற மாநிலங்களில் வாழ்கிறார்கள் என்று 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது. எனினும் 1970களில், நாங்கள் வழி தவறி வந்தவர்களின் பிள்ளைகள் என்று பாடப்புத்தகத்தில் படித்த ஒரு தலைமுறைக்குப் பேரப்பிள்ளைகளாகப் பிறந்தவர்கள், நட்சத்திரங்களின் பெயரைத் தம் மொழியில் சொல்லிப் பழகுகிறார்கள். தன் சமூகத்துக்குப் பணியாற்ற விரும்பும் எவரும், அண்டையிலுள்ள வேறு சமூகத்தாரிடம் கேட்டுப் பெற வேண்டியது என்ன, அவர்களுக்குக் கொடுக்கக் கூடியது என்ன என்ற இரண்டையும் முதலில் சிந்திப்பாராக.

மாவ் பியாய்லுக் 2010 ஜூலை 12ஆம் தேதி சட்டவாலிலேயே காலமானார். அவருடைய மகன் செசாரியோ, பலாவு நாட்டுக் கல்லூரியில் கடல்வழிச் சாஸ்திரம் பயிற்றும் ஆசிரியரானார். ஹவாயியர் கட்டிக் கொடுத்த மைசூதான் அவருடைய மாணவர்களுக்குப் பயிற்சிப் படகாயிற்று.